டாட்லாக் தள்ளிப்போட்ட கட்டில்கள்

மார்ச் 7, 1938

இன்று புருஷன் பெண்டாட்டி படுக்கையறைக் காட்சி. ஸ்டுடியோவில் சாமான்காரன் நான், இரண்டு கட்டில் போட்டு நடுவில் மேசை வைத்தேன். தாலி கட்டாத ஊர்தான், ஆனாலும் மோதிரம் மாற்றியவர்கள் ஒரே கட்டிலில் படுத்தால் தணிக்கைக்காரர்களுக்கு ஜுரம் வந்துவிடும். உட்கார்ந்து பேசினாலும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும்.

"டாட்லாக்! இன்னும் தள்ளிப் போடுய்யா, முத்தம் எட்டிடப் போகுது!" என்று உதவி இயக்குநர் கத்துகிறான்.

ஆஸ்பத்திரி வார்டு. இதற்குப் பெயர் காதல் படம்.

மார்ச் 9

கதாநாயகி தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் ஏழையாம். அவள் வீட்டுக்கு நான் சுமந்தவை: வெள்ளைத் தொலைபேசி, பியானோ, ஷாம்பேன் வைக்க வெள்ளி வாளி. என் மகள் வின்னியும் தொப்பிக் கடையில்தான் இருக்கிறாள். எங்களுக்குத் தொலைபேசி தெருமுனை மருந்துக் கடையில். இதை எழுதிய பயல் எந்த ஊரில் இருக்கிறானோ!

மார்ச் 10

தெரிந்துவிட்டது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறான். வின்னிதான் அழைத்து வந்தாள். லைனஸ் கெஸ்லர். ஜூனில் கல்யாணமாம்.

என் மனைவி எஃபி வறுத்த மாட்டிறைச்சியைத் தின்றுவிட்டு, "பிரமாதம்ங்க, படத்துல வச்சிடறேன்" என்றான்.

"வை. பக்கத்துல ஒரு வெள்ளை போனும் வை" என்றேன். வின்னி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

மார்ச் 11

வின்னியிடம் சொல்லிவிட்டேன். தேவாலயத்தில் உன் கையைப் பிடித்து அவனிடம் கொடுக்க நான் வர மாட்டேன்.

"அவன் எழுதுறதுல ஒண்ணாவது நெசமா?"

"நீ போடுற கட்டில் மட்டும் நெசமாப்பா?"

எஃபி சிரிக்கிறாள். இவள் யார் பக்கம்?

மார்ச் 22

ஸ்டுடியோ முழுக்க என்னைப் பார்த்துச் சிரிப்பு. ஓட்டல் காட்சியில் பணியாள் ஒருவன் தட்டை ஏந்திக்கொண்டு, தங்கியிருக்கும் யாரையோ தேடி "மிஸ்டர் டாட்லாக்! மிஸ்டர் டாட்லாக்!" என்று கூவிக்கொண்டே போகிறான். யாரும் வருவதில்லை. படத்தில் நாலைந்து இடத்தில் இதே கூவல். எல்லாம் லைனஸ் வேலை.

இது இவர்களுடைய பழைய குசும்பு. ஸ்டுடியோ தச்சன் பெயரைப் படத்தில் வரும் சவப்பெட்டிக் கடைப் பலகையில் எழுதுவார்கள். வெளியே எவனுக்கும் புரியாது. உள்ளே பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தத் தடவை நான்.

"கோவமா சார்? மரியாதைக்குத்தான் வச்சேன்."

"வராத ஆளுக்கு என்னடா மரியாதை?"

"வருவாருன்னுதானே சார் அவன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

எழுத்தாளன் பேச்சு. தூ.

மார்ச் 23

மட்டமான படம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மே 14

பாசடீனாவில் முன்னோட்டக் காட்சி. "படத்துக்காவது வாப்பா" என்று வின்னி இழுத்துப் போனாள்.

குப்பை. தரையில் ஒரு கால், வானத்தில் ஒரு கதை. 'டாட்லாக்' கூவல் வரும்போதெல்லாம் ஜனம் சிரித்தது. எதற்கென்று அதற்கே தெரியாது. கடைசியில் காதலர்கள் சண்டை போட்டுப் பிரிகிற இடம். திரையில் சத்தமே இல்லை. நானும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது—

"டாட்லாக்!"

கூவியது திரையில் அந்தப் பணியாள்தான். ஆனால் அந்தச் சத்தம் கேட்டால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய உடம்பு இது. எழுந்து நின்று, "வந்துட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

கொட்டகை அதிர்ந்தது. படத்துக்கே அவ்வளவு சிரிப்பு இல்லை. என் தொப்பி பறந்து எங்கோ முன்வரிசைக்குப் போய்விட்டது.

வின்னி கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டப்பா. கொட்டகையே சாட்சி. வந்துட்டேன்னு சொல்லிட்ட."

லைனஸ் மட்டும் சிரிக்கவில்லை. முட்டி போட்டு நாற்காலிகளுக்கடியில் தவழ்ந்துபோய் என் தொப்பியை எடுத்துவந்தான். தூசியைத் தட்டிக் கொடுத்தான்.

படம் குப்பைதான்.

ஜூன் 3

நாளைக்குக் கல்யாணம். அவர்கள் பிடித்திருக்கும் வாடகை வீடு இரண்டாம் மாடியில். என் சீதனத்தை லைனஸும் நானும் படியில் ஏற்றினோம். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. சுவர்ச் சுண்ணாம்பு பெயர்ந்தது. என் விரல் தோலும்.

"ரெண்டு கட்டிலா வாங்கியிருந்தீங்கன்னா சுலபமா ஏறியிருக்கும் சார்."

"பேசாம தூக்குங்க மாப்பிள்ளை" என்றேன்.