துண்டித்த ஒயர்

மச்சானுக்கு,

போனை அணைத்துவிட்டு எங்கேயோ ஒளிந்துகொண்டாய். அதனால் இதை உன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

நீ கடலில் வாடகைக்கு விடும் தண்ணீர் ஸ்கூட்டரில் போகிறவர் விழுந்தால், கையில் மாட்டிய கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட வேண்டும். பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின், நின்றால் லேசில் கிளம்பாது என்று கயிறு பிடுங்கினால் இன்ஜினை நிறுத்தும் ஒயரையே துண்டிக்கச் சொன்னாய். நான்தான் துண்டித்தேன்.

நேற்று தேவனாம்பட்டினத்தில் அந்தக் கல்லூரிப் பெண் விழுந்தாள். ஆளில்லாத வண்டி வட்டமடித்து வந்து அவள் முகத்தில் மோதியது. ஆஸ்பத்திரி வாசலில் அவளுடைய அம்மா கதறிக்கொண்டிருந்தபோது, நீ கரும்புச்சாறு குடித்துக்கொண்டே என் காதில் சொன்னாய்: "போலீஸ் வர்றதுக்குள்ள ஒயர ஒட்டிடு. பொண்ணு கயித்த மாட்டலன்னு சொல்லிக்கலாம்."

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. நானும் தலையாட்டிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போனேன்.

இன்ஜின் மூடியைத் திறந்தேன். கை போகவில்லை. வண்டியை அப்படியே டெம்போவில் ஏற்றி ஸ்டேஷனில் இறக்கினேன். "நாந்தாங்க வெட்டுனேன். மச்சான் வெட்டச் சொன்னாரு."

உன் தங்கை, என் மனைவி, சிதம்பரத்திலிருந்து கூப்பிட்டு, "எங்க அண்ணனையே காட்டிக் குடுத்துட்டீங்களா?" என்று அழுதாள். அந்தப் பெண்ணின் தாடை மூன்று இடத்தில் உடைந்திருப்பதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்காக இருந்தவன்