பனியில் விரிய வேண்டிய பூ

அக்கா,

ஸ்வெட்டரின் கைமுனையில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கிறது. காலையில் உன் டேலில்லிப் பாத்தியில் பாதி விரிந்த பூ ஒன்றை விரலால் பிரித்துப் பார்த்தபோது அப்பிய மகரந்தம். தட்டினாலும் போகவில்லை. நீ இருந்திருந்தால், "பூவுக்கு நீ எதுக்குடா ஒத்தாச பண்றே? அதுவா விரியோணும்" என்று கத்தியிருப்பாய்.

நீ கடைசியாக மகரந்தம் தொட்டு இணைசேர்த்த பூக்களின் விதைகளில் வந்த செடிகள் இந்த வாரம்தான் முதன்முதலாகப் பூக்கின்றன. நீ போன பிறகு அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன், களை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பல் தேய்ப்பதைப் போல அதுவும் ஒரு வேலை.

இந்தப் பூவுக்கு ஆயுளே ஒரு நாள்தான். அதிலும் நம் குன்னூர்க் குளிரில் ராத்திரி பனி கொட்டினால் காலையில் பாதி விரிந்து அப்படியே நின்றுவிடும், சாயங்காலம் வாடிவிடும். "அந்த ஒரு நாளாச்சும் முழுசா இருந்துட்டுப் போகட்டுமேடா" என்பாய். எவ்வளவு பனியிலும் காலை டீ நேரத்துக்குள் முழுதாக விரியும் ஒரு செடியை உண்டாக்க வேண்டும். எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்த காலம் முதல் உனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். ஈர மகரந்தம் பயன்படாது என்று, பூவின் நடுவிலுள்ள மகரந்த இழைகளைக் கிள்ளி எவர்சில்வர் தட்டில் அடுப்போரம் காயவைப்பாய். ஒருநாள் நான் குங்குமப்பூ என்று நினைத்து அதைப் பாலில் போட்டுக் குடித்துவிட்டேன். எனக்கு என்ன ஆகுமோ என்று நீ பதறவில்லை. எந்தச் செடியுடையது போயிற்று என்றுதான் பதறினாய்.

புதுச்செடி பூத்ததும் பார்த்துச் சொல்வது நீ. தேறாவிட்டால் "வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விடுவாய். பிடுங்குவது நான். பஸ் ஓட்டின கைக்கு இரக்கம் ஏது என்று கேலி செய்வாய். உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்றும் ஒன்றும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு டீச்சர், "ஏனுங்க, அழுதுருங்க. நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்காதீங்க" என்றார். பால் பாக்கெட் வாங்கிவரச் சொன்னதுபோல, "சரிங்க" என்றேன். இன்னும் அழவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது. ஊன்றினால் நிற்கிறது, என்னுடையது என்றுதான் தெரியவில்லை.

இன்று நல்ல பனி. பாத்தியில் எல்லாப் பூவும் பாதியிலேயே நின்றிருந்தன. டீ குடித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன். வெயில் வந்த பிறகும் பார்த்தேன். ஒன்றாவது, ஒரே ஒன்றாவது விரிந்திருக்காதா என்று குனிந்து குனிந்து தேடினேன். எனக்குள் இவ்வளவு ஆசை இருந்தது எனக்கே தெரியாது. ஒன்றும் விரியவில்லை, அக்கா.

"வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன கையோடு திரும்பி, விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் உறைத்தது, வெளியே பிடுங்குவதற்கு ஆள் இல்லை.

களைக்கொத்து வாசலிலேயே கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. இத்தனை வருஷமும் உள்ளே போய் நீ என்ன செய்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் குழாயடியில்தான் நின்றிருப்பாய்.