உங்கள் ஒற்றை இருக்கை வண்டி

இன்று காலை நம் பிள்ளையைக் கட்டிக்கொண்ட நாட்டுப்பெண் என் முழங்காலுக்கு விளக்கெண்ணெய் காய்ச்சினாள். கறிகாய்க்காரன் குரல் கேட்டு வாசலுக்குப் போனவள் அடுப்பை மறந்துவிட்டாள். எண்ணெய் கருகி வீடெல்லாம் புகை. அவள் பதறி ஜன்னல்களைத் திறந்தாள். எனக்கோ வங்காளத்தில் நீங்கள் வண்டி கட்டின கிடர்பூர் ஷெட்டும், அங்கே சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிற நீங்களும்தான் தெரிந்தீர்கள். பந்தய என்ஜினின் சூட்டை இந்த எண்ணெய்தான் தாங்கும் என்று வீட்டு டின்னையே தூக்கிக்கொண்டு போனவர் ஆயிற்றே. நீங்கள் போய் இத்தனை வருஷமாகிவிட்டது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆபீஸ் துரையின் மோட்டார் ஒரு மழை நாளில் மரத்தில் மோதி நொறுங்கியது. இந்தக் குப்பை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று அவர் சொன்னதை, ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி என்னிடம் வந்து சொன்னீர்கள். அதில் உருப்படியாக இருந்தது என்ஜின் ஒன்றுதான். வண்டியின் சட்டத்தை நீங்களே வரைந்து, துறைமுகத்துப் பட்டறையில் அடித்து வாங்கினீர்கள். வங்காளி மிஸ்திரி ஒருவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தகட்டைத் தட்டித் தட்டி வண்டியின் உடம்பை வளைத்தீர்கள். இருக்கை என் வேலை. உங்கள் முதுகை அளந்து, நார் அடைத்து, மாட்டுத்தோலைத் தொடுகிறாளே என்று யாரும் பேசாமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தேன். ஊசி ஏறாமல் விரல் வீங்கியது.

"ஏன்னா, இன்னொரு ஸீட் வச்சா நானும் வருவேனோல்லியோ?" என்று கேட்டேன்.

"கனம் கூடினா வேகம் போயிடும்டி" என்றீர்கள்.

பந்தய வண்டியில் எனக்கு இடமில்லை என்று சிரித்துக்கொண்டேன். உங்களுக்கும் இடமில்லாமல் போகும் என்று அப்போது தெரியாது.

ஒருநாள் விடியற்காலையில் டயமண்ட் ஹார்பர் சாலைக்குக் குதிரை வண்டியில் என்னை வரச்சொன்னீர்கள். மரத்தடியில் காத்திருந்தேன். நீங்கள் கடந்து போன சத்தத்தில் குதிரை மிரண்டு, வண்டிக்காரன் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் கரி. "பாத்தியா?" என்று மட்டும் கேட்டீர்கள். நம் கல்யாணத்தன்றுகூட உங்கள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

பந்தயம் நடத்துகிற வெள்ளைக்காரர்கள் வண்டி வரலாம், ஓட்டுகிறவன் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் ஓட்ட வேண்டுமாம். நாளைக்கு மழை வரும் என்பது போல அதை என்னிடம் சொன்னீர்கள். துரை தானே ஓட்டுவதாக முன்வந்தார். அவர் பெருத்த ஆள், இருக்கையில் அடங்கவில்லை. "பிரிச்சுக் குடு" என்றீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் அங்கேயே நின்றீர்கள். கடைசியில் நான் போட்ட தையலை நானே பிரித்தேன்.

வண்டி ஜெயித்தது. பக்கத்து வீட்டு வங்காளி தாதா பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். படத்தில் துரை, கோப்பை, வண்டி. ஓரத்தில் ஒரு முழங்கை. அது உங்களுடையதாக இருக்கலாம். "இது உங்க வண்டிதானே, பௌதி?" என்று அவர் அண்ணி முறை வைத்து என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், துரை ரொம்ப நன்றாக ஓட்டினார் என்று நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

சீமைக்கு மாற்றலானபோது துரைக்கு என்ஜின் தன்னுடையது என்று ஞாபகம் வந்தது. என்ஜின் யாருடையதோ வண்டியும் அவருடையதுதானாம். கப்பலில் சரக்கேற்றும் காகிதங்களைப் பார்ப்பது உங்கள் உத்தியோகம். இதற்கும் காகிதத்தை நீங்களே முடித்து, கிரேன் வண்டியைத் தூக்கி உள்ளே இறக்குகிற வரை நின்றுவிட்டு வந்தீர்கள்.

அன்று சாயங்காலம் கேட்டேன். "தர மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"சண்டை போட்டிருந்தா அது ஷெட்லயே துருப்பிடிச்சுக் கிடந்திருக்கும். ஓடினதைக் கண்ணால பாத்தேனே, போறாதா?"

போறாது. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். அதன்பின் நீங்கள் ஷெட் பக்கமே போகவில்லை. சீமையில் வண்டியின் என்ஜினைக் கழற்றி ஏதோ பண்ணையில் தண்ணீர் இறைக்கப் போட்டார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டதை, ஒருநாள் மோர்சாதம் பிசைந்துகொண்டே சொன்னீர்கள். சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டீர்கள்.

காய்ச்சலில் நீங்கள் போனபோது ஆபீஸ்காரர்கள் கூடத்தில் நின்று, ஒருநாளும் எதிர்த்துப் பேசாத மனுஷர் என்று புகழ்ந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு, எழுந்து போய் அவர்களை வெளியே போகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நம் பிள்ளையும் இப்போது ஒரு கம்பெனியில்தான் இருக்கிறான். சாயங்காலம் வந்து, இன்று எங்கள் துரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று பெருமையாகச் சொல்கிறான். நான் காப்பி டம்ளரை ணங்கென்று வைக்கிறேன். "ஏம்மா, என் மேல என்ன கோபம்?" என்கிறான். நீங்கள் படாமல் விட்டுப்போன கோபத்தைத்தான் இத்தனை வருஷமாக நான் பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்ல?