அப்பா திட்டும் தெரு

மார்ச் 3, திங்கள்

ஒன்பது மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். காப்பகத்தில் குழந்தை டில்லி அழவில்லை. நான்தான் பேருந்தில் அழுதேன்.

மாலை அப்பா போனில்: “என்னம்மா வைட்ஹால் மகாராணி, முதல் நாளே எந்த ஊரைக் கெடுத்தீங்க?”

வடக்கே கெல்ஸ்பியில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாலையில் குழி, தபால் தாமதம், மருத்துவமனையில் வரிசை, எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரே குற்றவாளி வைட்ஹால், லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெரு. எங்கள் போக்குவரத்துத் துறை அலுவலகம் அந்தத் தெருவிலேயே இல்லை, பத்து நிமிட நடை. சொன்னால் கேட்கவா போகிறார்?

மார்ச் 6, வியாழன்

நான் எழுதிய வரியை அமைச்சர் இன்று நாடாளுமன்றத்தில் வாசித்தார்! “கடந்த ஓராண்டில் அந்த மாவட்டத்தில் இரண்டு பேருந்துத் தடங்களே நின்றன.” எங்கள் மாவட்டம்தான். மேசையில் ரொட்டியைக் கடித்தபடி தொலைக்காட்சியில் பார்த்தேன். நம் பெயர் எங்கும் வராது. அதனால் என்ன? சொற்கள் என்னுடையவை.

அப்பாவும் பார்த்திருக்கிறார். “ரெண்டா? நம்ம ஊர்லயே மூணு போச்சு. உங்கம்மா கிளினிக்குக்குப் போற வண்டியும் போச்சு. பதினேழு வருஷம் நான் ஓட்டின தடம்மா அது! அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு எண்ணக்கூடத் தெரியாதா?”

சிரித்து மழுப்பினேன். நாளை அட்டவணையை மறுபடி பார்க்க வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

பதினொன்று.

இரண்டு இல்லை, பதினொன்று. முந்தைய ஆண்டின் அட்டவணையைத் திறந்து வைத்து எழுதியிருக்கிறேன். தூக்கமில்லாத கண். ஆனால் தூக்கமில்லை என்பது ஒரு பதிலா?

பக்கத்து மேசையில் இருக்கும் கலம் சொன்னான்: “உங்கப்பாவைத் தவிர யாருமே கவனிக்கல, ரோவெனா. விட்டுடு. இப்ப இருக்கற பதவியே ஆறு மாசத்துக்குத்தான் குடுத்திருக்காங்க. நிரந்தரம் ஆக வேண்டாமா?”

வேண்டும்தான். யாரும் கேட்கவில்லைதான். அப்பா ஒருத்தர் போதாதா?

மார்ச் 9, ஞாயிறு

டில்லிக்கு இரண்டாவது பல். கொண்டாடக்கூட முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்

மேலதிகாரி கான்ஸ்டன்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. “எப்ப தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை.”

“இன்னிக்குத் திங்கள்.”

கத்தியிருக்கலாம்.

பிறகு சொன்னார்: “சபையில சொன்ன தப்பு சபைக் குறிப்புல அப்படியே கிடக்கக் கூடாது. அமைச்சர் எழுந்து திருத்தியாகணும். குறிப்பை நீயே எழுது. ராத்திரி பெட்டியில போகட்டும்.”

அமைச்சர் வீட்டுக்குக் கொண்டுபோகும் சிவப்புப் பெட்டி. ஒரே பக்கம். முதல் வரியில் தவறு, இரண்டாவதில் சரியான எண், கடைசியில் என் பெயர். காரணம் எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டி திரும்பி வந்தது. ஓரத்தில் அமைச்சரின் கையெழுத்து: “நாளை திருத்துகிறேன். இவரை என்னுடன் அனுப்புங்கள்.”

எதற்கு என்னை? எல்லோர் முன்னாலும் நிறுத்தவா?

மார்ச் 12, புதன்

சபையின் ஓரத்தில் அதிகாரிகளுக்கென்று ஒரு சிறிய அடைப்பு இருக்கிறது. அங்கிருந்து பேசக் கூடாது. அமைச்சருக்குத் துண்டுச்சீட்டு மட்டும் அனுப்பலாம். முதல் முறையாக அங்கே உட்கார்ந்தேன். பால் கட்டி நெஞ்சு வலித்தது. சட்டை நனைந்துவிடுமோ என்று கோப்பை அணைத்துக்கொண்டேன்.

அமைச்சர் எழுந்தார். “கடந்த வாரம் இந்தச் சபையில் இரண்டு என்றேன். பதினொன்று என்பதே சரி. சபையிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.”

எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எந்த மேதை எழுதிக் குடுத்தாரு?” சிரிப்பு. எனக்குக் காது எரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “சொன்னது நான். திருத்துவதும் நான்.”

அதே குரல் விடவில்லை. பதினொன்றில் எத்தனை மருத்துவமனைக்குப் போகிற தடம்? அந்த எண் என்னிடம் இருந்தது! சனி ஞாயிறு இரண்டு நாளும் அவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சீட்டில் எழுதினேன்: நான்கு. கைமாறிக் கைமாறி அமைச்சரிடம் போய்ச் சேர்ந்தது. வாசித்தார். “அந்த நான்கையும் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறேன்.”

வெளியே வந்து நடந்துகொண்டே சொன்னார்: “அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.”

இந்த வேலையை நான் விட மாட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அப்பா: “மன்னிப்புக் கேட்டாரே! அறுபத்தெட்டு வயசுல இப்பத்தான் பாக்கறேன். ஆமா, தப்பா எழுதிக் குடுத்தது யாரு?”

“அதை நாங்க வெளியில சொல்றதில்லப்பா.”

சீட்டு போனதையும் பார்த்திருக்கிறார். “அந்த நாலுங்கற சீட்டு?”

“அதையும்தான்.”

“சரி… டில்லி சாப்பிட்டாளா?”

ஏப்ரல் 4, வெள்ளி

அடுத்த கேள்வி நேரத்துக்கான கோப்பை கான்ஸ்டன்ஸ் என் மேசையில் வைத்தார். “ஆண்டைப் பாத்துக்கோ” என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டருக்கு அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். கெல்ஸ்பி வண்டி இன்னும் திரும்பவில்லை, ஆய்வு நடக்கிறது. அம்மா பக்கத்து வீட்டுக்காரர் காரில்தான் கிளினிக் போகிறாள். அப்பா இதை மூன்று முறை சொன்னார்.

பிறகு, “அந்தத் தெருவைக் காட்டு” என்றார். கூட்டிப்போனேன். டில்லி அவர் தோளில். இரண்டு பக்கமும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

“இதுல உன் கட்டடம் எது?”

“இங்க இல்லப்பா. அந்தப் பக்கம், பத்து நிமிஷம் நடக்கணும்.”

நின்றுவிட்டார். “அப்ப இத்தனை வருஷமா தப்பான தெருவையா திட்டிட்டிருந்தேன்?”

அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். அப்பாவோ தெருப்பெயர்ப் பலகையின் கீழே டில்லியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வழியாகப் போன காவலர் கையில் போனைக் கொடுத்தார்.

“ஒரு படம் எடுங்க, தம்பி. எங்க பொண்ணு தெரு இது.”