பின்வாசல் இல்லாத கடை

பாய்,

இன்று காலையில் என் வீட்டுக்காரி ரேஷன் கடைக் கோதுமை மாவைக் கடலை எண்ணெய் விட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டோடு ஏதோ பேச்சு. பேச்சு நீண்டது, மாவு சிவந்தது, சிவப்பும் தாண்டிக் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. சட்டியோடு குப்பையில் கொட்டப் போனவளை நான்தான் தடுத்தேன். அந்த வாசனை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கிற மாதிரியே இருக்கிறது.

"மாவு தீஞ்சதுக்கு ஒங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்டாள். தீயவில்லை, இதுதான் பதம் என்றேன். அவள் பார்த்த பார்வையை எழுத என் படிப்பு பத்தாது. நான் ரெண்டாங்கிளாஸ் தாண்டாதவன். மூட்டை மேல் ஊர்ப் பெயர் எழுதி எழுதிப் பழகிய கை இது. எழுத்து பெரிசு பெரிசாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். கீரமங்கலத்தில் உங்கள் கடையை எடுத்து நடத்துகிறவர் பின்சுவரை உடைத்துவிட்டார். முந்தாநாள் லாரிக்குத் தேங்காய் ஏற்றிவிட்டு வரும்போது பார்த்தேன். ஒரு ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு வாசல். வெளிப்பக்கம் ஆணி அடித்து நாலு தகரக் குவளை தொங்க விட்டிருக்கிறார். யாருக்கு என்று அவர் எழுதிப் போடவில்லை. எழுதாமலே எங்களுக்குத் தெரியும். நாளைக்குச் சந்தை. அதனால்தான் இதை இன்றைக்கே எழுதுகிறேன்.

நீங்கள் கடை போட்ட புதிதில் எல்லாரும் சிரித்தார்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து கப்பலில் சமையல்காரராகப் போன மனிதர், சுதந்திரம் வந்த மறு வருஷம் ஊர் திரும்பி, கடற்கரையை விட்டுவிட்டு இந்தச் சந்தை ரோட்டில் வந்து கீற்றுக் கொட்டகை போடுகிறார். காலை முதல் பஸ்ஸில் உங்கள் ஊர் இறாலும் நண்டும் ஈரச் சாக்கில் வந்து இறங்கும். அதை, மாவை இப்படிக் கறுக்க வறுத்துக் கரைத்த குழம்பில் வெண்டைக்காயோடு போட்டுக் கொதிக்க வைத்துச் சோற்றில் ஊற்றுகிறார். கேட்டால் அமெரிக்காவில் நியூ ஆர்லின்ஸ் என்று ஒரு துறைமுகம், அந்த ஊர்ச் சாப்பாடு, பெயர் கம்போ என்கிறார். சனங்கள் பெயரைப் பற்றிக் கவலைப்படவில்லை. கப்பல்கார பாய் கடை என்றார்கள், அதோடு முடிந்தது.

நான் முதலில் வந்தது ஒரு சந்தை நாள் மத்தியானம். காலையிலிருந்து தேங்காய் மூட்டை தூக்கிய பசி. கையில் என் அலுமினியக் கிண்ணம். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் பின்பக்கம் போய்த் தொண்டையைச் செருமினால் கிண்ணத்தில் விழும், நின்றபடி தின்றுவிட்டுக் கழுவிக்கொண்டு போகலாம், அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஓட்டல். சட்டம் போட்டு இதையெல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்று பேச்சு இருந்தது. ஆனால் உங்கள் இறால் வந்த பஸ்ஸில் சட்டம் ஏறவில்லை போலிருக்கிறது.

உங்கள் கடையை ஒரு சுற்றுச் சுற்றினேன். பின்வாசலைக் காணோம். சரி, பசியில் கண் தெரியவில்லை என்று இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் நீங்கள் கரண்டியோடு வெளியே வந்தீர்கள். திருடன் என்று நினைத்துத்தான் வந்தேன் என்று பிற்பாடு சொன்னீர்கள்.

"என்னத்தத் தேடுறீங்க?"

"பின்பக்கம் எங்கிட்டு இருக்குன்னு பாக்குறேங்க."

நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், கிண்ணத்தைப் பார்த்தீர்கள். "அதக் கட்டவே இல்ல. முன்னால வாங்க."

வந்தேன். வந்து வாசலை ஒட்டித் தரையில் குந்திக்கொண்டேன். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. என் இடுப்புக்கு அது பழக்கமில்லை. நீங்கள் இரண்டு இலை கொண்டுவந்து தரையிலேயே போட்டு, என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். சோற்றை நடுவில் குழித்துக் குழம்பை ஊற்றினீர்கள். ஏரிச் சேறு மாதிரி இருந்தது. அதை அப்படியே சொல்லியும்விட்டேன், என் வாய் சும்மா இருக்காது.

"சேத்துலதான நண்டு கெடக்கும், கையப் போடுங்க" என்றீர்கள்.

கையைப் போட்டேன். பாய், அந்த ருசியை இன்றுவரை யாருக்கும் என்னால் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை. கருகல் மாதிரி இருக்கும், கருகல் இல்லை. வெண்டைக்காய் கொழகொழப்பு இறாலோடு சேர்ந்து தொண்டையில் தானாக இறங்கும். மூன்று முறை சோறு வாங்கினேன். உங்கள் முட்டி வலித்ததை நான் கவனித்தேன், கவனிக்காத மாதிரி தின்றேன்.

"அடுத்த வாரம் நீங்க பெஞ்சுல உக்காந்தா நானும் பெஞ்சுல உக்காருவேன். இல்லாட்டி என் முட்டி போயிரும்" என்றீர்கள். ஒரு மனிதரின் முட்டியைக் காப்பாற்றத்தான் நான் முதன்முதலாகப் பெஞ்சில் ஏறினேன்.

அப்படி ஏறிய அன்றைக்கே நான் மூட்டை தூக்கும் தேங்காய் மண்டியின் முதலாளி, ஆலங்குடிப் பக்கத்து விருந்தாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் பாதி எழுந்துவிட்டேன். என் தோளில் உங்கள் கை இருந்தது, முழுசாக எழ முடியவில்லை.

"பாய், இவன் எந்திரிக்கட்டும். நாங்க உக்கார்றோம்."

"எடம் நெறைய இருக்குங்க. உக்காருங்க."

அவர் சத்தம் போடவில்லை. நல்ல விதமாகத்தான் சொன்னார். பின்னால் ஒரு வாசல் வைத்துவிடுங்கள், செங்கல்லும் தருகிறேன், கொத்தனாரையும் அனுப்புகிறேன், அப்புறம் பாருங்கள் கூட்டத்தை என்றார். நீங்கள் செங்கல்லுக்கு நன்றி சொல்லிவிட்டு எனக்குக் குழம்பு ஊற்றினீர்கள். ஐந்து பேரும் இறங்கிப் போனார்கள்.

அதற்குப் பிறகு மூன்று சந்தை போனது. பானை நிறையக் குழம்பு, பெஞ்சு நிறைய ஈ. மண்டியில் என்னை வேலைக்குக் கூப்பிடுவதும் நின்றது. அப்போதுதான் நான் அந்தப் பேச்சைப் பேசினேன். வைத்துத் தொலையுங்கள் ஒரு வாசலை, எனக்கு அது பழகியதுதான், என்னால் ஒரு கடை மூடவேண்டாம் என்றேன். பெரிய தியாகி மாதிரி நினைப்பு. நீங்கள் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த நியூ ஆர்லின்ஸ் கதையை அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னீர்கள். கப்பல் நின்ற நாட்களில் இந்தக் குழம்பின் வாசனை பிடித்து ஒரு கடைக்குப் போனீர்கள். வெள்ளைக்காரர்கள் மட்டும் என்று வாசலில் பலகை. உள்ளே அடுப்பில் நின்று ஆக்கியவர்கள் எல்லாரும் கறுப்புச் சனங்கள். ஆக்குகிற கை உள்ளே இருக்கலாம், தின்கிற வாய்தான் கூடாது. சமையல்கார அம்மா ஒருத்தி உங்களைப் பின்பக்கம் கூப்பிட்டுப் படியில் உட்கார வைத்துத் தட்டு நிறையக் கொடுத்தாள். மாவை எந்த நிறத்தில் இறக்குவது என்று அந்தப் படியிலிருந்தே பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். வெண்டைக்காயும் அவர்கள் முன்னோரோடு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான் என்று அவள் சொன்னாளாம்.

"ஒங்களுக்காக நான் சொவத்த அடைக்கல. அந்தப் படியில உக்காந்து தின்னது நான். அவ்வளவு ருசியா இருந்துச்சு, எனக்கு அழுக வந்துச்சு. என் கடையில யாருக்கும் அந்தப் படி கெடையாது."

 

அடுத்த சந்தைக்கு நான் எங்கள் மூட்டைக்காரர்கள் பத்துப் பேரைக் கிளப்பினேன். குளத்தில் முழுகி, துவைத்த துண்டு போட்டு வரச் சொன்னேன். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, கிண்ணத்தோடு கடையைச் சுற்றினார்கள். நான் ரோட்டில் நின்று போலீஸ்காரர் மாதிரி கை காட்டினேன். "ஏலே, தேரு சுத்தி முடிஞ்சிருச்சு, வாசல் இங்கிட்டு இருக்கு" என்று ஒவ்வொருவனாகப் பிடித்து உள்ளே தள்ளினேன். பெஞ்சு நிறைந்தது. நீங்கள் பரிமாறிக்கொண்டே இருந்தீர்கள், திரும்பித் திரும்பிக் கண்ணைத் துடைத்தீர்கள். அடுப்புப் புகை என்றீர்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாதா?

வெளியூர் லாரி டிரைவர்கள் வாசனைக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மட்டும்தான் இடம். பசித்தவர்கள், உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். லாரிக்காரர்கள் எனக்குச் சுமை வேலையும் பிடித்துக் கொடுத்தார்கள். மண்டிக்காரர் தூக்குவாளி கொடுத்து ஆள் அனுப்பிப் பார்த்தார். தூக்கில் போனால் குழம்பு செத்துப்போகும், இங்கே வந்து தின்றால் தின்னட்டும் என்று திருப்பி அனுப்பினீர்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் அவரே வந்தார். என் பெஞ்சின் ஓரத்தில், விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி உட்கார்ந்தார். தின்றார். இன்னும் கொஞ்சம் என்று இலையைக் காட்டினார். தின்கிற வேகத்தில் ஓரத்திலிருந்து என் பக்கமாக நகர்ந்து வந்துகொண்டே இருந்தார்.

"மொதலாளி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கை இடிக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தள்ளி உட்கார்ந்தார். நீங்கள் அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

போன வருஷம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. நான் பஸ் பிடித்துக் கோட்டைப்பட்டினம் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. உங்கள் வீட்டார் என்னை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஒரு புதுக் கடைக்குப் போனால் என் கால் பின்பக்கம் திரும்பப் பார்க்கும். ஒரு எட்டு வைத்தும்விடும். அதைப் பிடித்துத் திருப்பி முன்னால் கொண்டுவருவது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை. அந்த வேலையை நான் விடவில்லை. பயப்படுகிறவன் மாவை வெளுப்பாக இறக்கிவிடுவான் என்பீர்கள். இந்த வயசில் நான் வெளுப்பாக இறக்கப் போவதில்லை.

அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். எட்டுப் பேருக்கும் சொல்லிவிட்டேன். இறால் உண்டா, உங்கள் குழம்பு உண்டா என்பதெல்லாம் அப்புறம். நாளைக்கு முன்வாசலில் ஏறி, நடுப் பெஞ்சில் உட்கார்ந்து, இலை கேட்பேன். ஆணியில் தொங்கும் நாலு குவளையையும் கழற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன். புதுக் கடைக்காரர் கேட்டால், சுவரை உடைத்த செங்கல் மிச்சமிருக்கிறதா என்று கேட்கப் போகிறேன். அடைக்க வேண்டுமே. சுமக்க நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம்.

துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். விடிவதற்குள் காய்ந்துவிடும்.