ஹைதராபாத் விலைக்கு வாங்கியதற்கு அபராதம்

அனுப்புநர்:
ஆ. ஜோசியா, வயது 27,
கிழக்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்,
ஹைதராபாத்.
(சொந்த ஊர்: அருளப்பன்பட்டி, மேல்கரை மாவட்டம், தமிழ்நாடு)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மேல்கரை.

பொருள்: வெளிமாநிலத்தில் குறைந்த விலைக்கு வாங்கிய மினி டிராக்டருக்கு உத்தரவாதக் காலத்திலேயே பழுது நீக்க மறுத்து, இரண்டு ஊர் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும் விற்பனை நிலையத்தின் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் என் அக்கா நேரில் கொடுத்த மனு, அதன் பிறகு நான் தபாலில் அனுப்பிய மனு. இரண்டுக்கும் பதிவு எண் வந்தது. பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

மேல்கரை புறவழிச்சாலையில் உள்ள வெற்றிக்கனி டிராக்டர்ஸ் என்ற கடை, தன்னிடம் வாங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, என் அக்காவை மழை விட்ட ஒவ்வொரு காலையிலும் பூச்சிமருந்தில் நனைத்துக்கொண்டிருக்கிறது. இது சந்தேகமோ வதந்தியோ அல்ல. கடை உரிமையாளர் திரு. திருநாவுக்கரசு இதை மறுக்கவும் இல்லை. நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

1. என் அக்கா மெட்டில்டா அருளப்பன்பட்டியில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தலைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம் செய்கிறார். திராட்சைக்கு மருந்தைக் கீழே நின்று, மேலே பார்த்து அடிக்க வேண்டும். இலையில் பட்டது போக மீதியெல்லாம் அடிப்பவர் முகத்தில் விழும். மழைக்காலத்தில் இலையின் அடிப்பக்கம் வெள்ளை பூக்கும். அப்படியே விட்டால் பிஞ்சுக் கொத்து கருகிவிடும். ஆகவே மழை விட்டதும் அடித்தே ஆக வேண்டும், தள்ளிப்போட முடியாது. அக்காவின் கணவர் திரு. இருதயராஜ் திருமணமான நாளிலிருந்து முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்து வந்தார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பந்தலுக்குள்ளேயே விழுந்துவிட்டார். இனி மருந்து வாடைகூட இவர் மூக்கில் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது மாமா தெருமுனை வரை நடந்தாலே நின்று மூச்சு வாங்குகிறார்.

2. அதனால்தான் டிராக்டர். பெரிய டிராக்டர் பந்தலுக்கு அடியில் நுழையாது. மினி டிராக்டர் நுழையும். அதன் பின்புறம் சுழலும் தண்டில் மருந்துத் தெளிப்பானை மாட்டினால், ஓட்டுபவர் முன்னால் போய்விடுவார், மருந்து பின்னால் விழும். எங்கள் வீட்டில் இனி யாரும் தொட்டியைச் சுமக்கக் கூடாது என்பதற்காக வாங்கினோம். வசதிக்காகவோ ஊரில் பெருமைக்காகவோ வாங்கவில்லை.

3. முதலில் மேல்கரையில்தான் விசாரித்தோம். ஹலவீர் கம்பெனியின் மினி டிராக்டரை எங்கள் பள்ளத்தாக்கு முழுவதிலும் விற்பது வெற்றிக்கனி மட்டுமே. போனில் விலை சொல்ல மாட்டார்கள். “நேர்ல வாங்க, பேசிக்கிருவோம்” என்பார்கள். நேரில் போனால் விலைப்பலகை கிடையாது. அக்காவிடம் சொன்ன விலை நான்கு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அரசு மானியம் போக அது குறையும் என்றார்கள். பட்டா நில உரிமையாளரின் பெயரில் இருப்பதால் குத்தகைக்காரரான அக்காவுக்கு மானியம் இல்லை என்பதும் அங்கேயே தெரிந்தது. மானியத்தை மனதில் வைத்து ஏற்றிய விலையை மானியம் கிடைக்காதவர்கள்தான் முழுதாகக் கட்டுகிறார்கள். இதைத் தனியாக விசாரிக்க வேண்டுகிறேன்.

4. நான் ஹைதராபாத்தின் நாச்சாரம் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே குதிரைத்திறன் என்ன விலை என்று ஹைதராபாத்தில் கேட்டேன். நகரத்துக்கு வெளியே ஒரே சாலையில் மூன்று ஷோரூம்கள் இருக்கின்றன. எனக்குத் தெலுங்கு அரைகுறை என்பதால், நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் திருமதி எவாஞ்சலின் உடன் வந்தார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது; பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவரும் (நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு). அவர் வாழ்நாளில் டிராக்டரில் ஏறியதில்லை. ஆனால் விற்பனையாளர் முதல் விலையைச் சொன்னதும் கைப்பையை எடுத்துக்கொண்டு, “நக்கோ தம்பி, எழுந்திரு. இவன்கிட்ட கைக்கு டைம் வேஸ்ட்? பக்கத்துக் கடையில கேக்கலாம்” என்று வாசலுக்குப் போய்விட்டார். விற்பனையாளர் பின்னாலேயே ஓடிவந்து டீ வரவழைத்தார். டீ ஆறுவதற்குள் விலை இரண்டு முறை இறங்கி, நான்கு லட்சத்து ஐந்தாயிரத்தில் முடிந்தது.

அந்த டீயைக் குடித்தபடி நான் புரிந்துகொண்டதை இங்கே பதிவு செய்கிறேன். எங்களால் எழுந்து போக முடிந்தது, அதனால் விலை இறங்கியது. மேல்கரையில் என் அக்கா எழுந்து எங்கே போவார்?

5. விலை வித்தியாசத்துக்கு லாரி வாடகைதான் காரணம் என்று வெற்றிக்கனியில் சொன்னார்கள். நாங்கள் எங்கள் செலவில் ஹைதராபாத்திலிருந்து அருளப்பன்பட்டிக்கு லாரியில் ஏற்றி வந்தோம். வாடகை பதினான்காயிரம். வித்தியாசம் எண்பத்தையாயிரம். மீதியை எந்த லாரி தின்றது என்று அவர்களைக் கேட்டுச் சொல்லவும்.

6. ரசீது அக்காவின் பெயரில் உள்ளது. தற்காலிகப் பதிவு, பிறகு நம் மாவட்டத்தில் நிரந்தரப் பதிவு, காப்பீடு எல்லாம் முறைப்படி செய்யப்பட்டன. இந்தியாவின் எந்த அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமும் உத்தரவாதம் செல்லும் என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு போகம் முழுவதும் டிராக்டர் நன்றாக ஓடியது. அக்காவே ஓட்டினார். இந்த மழைக்காலம் தொடங்கியதும் பின்புறத் தண்டு சுழல்வது நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, மருந்து வரவில்லை.

7. அக்காவும் மாமாவும் வெற்றிக்கனிக்குப் போனார்கள். திரு. திருநாவுக்கரசு ரசீதைப் பார்த்துவிட்டு, கடை ஆட்களுக்கு முன்னால், “என்ன தாயி, அங்க போயித் தாலியக் கட்டிக்கிட்டு சீருக்கு மட்டும் இங்க வாரீகளாக்கும்?” என்று கேட்டார். ஆட்கள் சிரித்தார்கள். மாமா பதில் சொல்ல முயன்றபோது இருமல் வந்துவிட்டது. அதற்கும் ஒருவர் சிரித்தார். பிறகு திரு. திருநாவுக்கரசு தன் நிபந்தனையைச் சொன்னார்: “இந்த ஊர் ரேட்டுக்கும் அந்த ஊர் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தக் கட்டுங்க. கட்டுன அன்னைக்கே ஆள் வரும்.”

ரசீது கொடுப்பீர்களா என்று அக்கா கேட்டார். “எதுக்குத் தாயி ரசீது? நம்பிக்கைதான்” என்றார்.

8. பக்கத்து மாவட்டத்து விற்பனையாளரிடம் கேட்டோம். அது வெற்றிக்கனியின் ஏரியா, தன்னால் கை வைக்க முடியாது என்றார். ஹைதராபாத் ஷோரூமில் கேட்டோம். உதிரிபாகம் அந்தந்தப் பகுதி விற்பனையாளர் வழியாகத்தான் வரும் என்றார்கள். கம்பெனியின் இலவச எண்ணில் புகார் செய்தேன். பின்கோடு கேட்டார்கள், சொன்னேன். பின்கோடுபடி புகார் வெற்றிக்கனிக்கே போனது. மறுநாள் எனக்குக் குறுஞ்செய்தி வந்தது: “வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார். புகார் முடிக்கப்பட்டது.” திருடியவனிடமே திருட்டுப் புகாரைக் கொடுத்து அவனிடமே கையெழுத்தும் வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு வாடிக்கையாளர் சேவை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

9. வெற்றிக்கனியில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் வழியில் அக்காவைப் பார்த்து, “அரை நாள் வேலைதான்க்கா. ஆனா நான் உங்க வீட்டு வாசல் மிதிச்சா, மறுநாள் எனக்குக் கடை வாசல் கிடையாது” என்று சொல்லியிருக்கிறார். அவர் பெயரை எழுத மாட்டேன். விசாரணையில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

10. இப்போது டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது. அக்கா தொட்டியைச் சுமக்கிறார். கூலிக்கு ஆள் வைக்கலாமே என்று தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் கேட்டாராம். மாமா விழுந்ததை ஊரே பார்த்திருக்கிறது, யாரும் வருவதில்லை. வர வேண்டும் என்று அக்காவும் கேட்பதில்லை. சேலைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டு, மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் போகிறார். திரும்பி வந்தால் கண் எரிகிறது, கை எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது எதையும் சொல்வதில்லை. சென்ற வாரம் போனில் அவர் குரல் கரகரத்திருந்தது. சளி என்றார். மாமாவும் முதலில் சளி என்றுதான் சொன்னார், ஐயா.

11. அந்த எண்பத்தையாயிரத்தை நான் புரட்டிவிட்டேன். அக்காவின் கணக்குக்கு அனுப்பினேன். அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். போன் செய்து சண்டை போட்டேன். அவர் சொன்னது இது: “அவன் கேக்குறது பணமில்லடா. இனிமே இந்த ஊர்க்காரன் எவனும் வெளிய போயி வெல கேக்கப்புடாது, அதத்தான் கேக்குறான். நான் கட்டுனா அதுதான் இனி எல்லாருக்கும் ரேட்டு. நீ ஒன் சோலியப் பாரு.”

அக்கா சொன்னது சரி. அது சரியாக இருப்பதால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவருடைய நியாயத்துக்கு அவருடைய நுரையீரல் விலையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

12. இது இரு தனியாருக்கு இடையிலான வியாபாரத் தகராறு, நிர்வாகம் தலையிட முடியாது என்று தங்கள் அலுவலகத்தில் அக்காவிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. அரசு மானியத்தில் டிராக்டர் வழங்கும் விழாவில் இதே வெற்றிக்கனியின் பந்தலில்தான் மேடை போடப்பட்டது. சாவி கொடுக்கும் புகைப்படத்தில் அரசு அதிகாரிகளும் இருக்கிறார்கள், திரு. திருநாவுக்கரசும் இருக்கிறார். மாலை போடும்போது அரசின் பங்குதாரர், மறுக்கும்போது மட்டும் தனியாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆகவே நான் வேண்டுவது:

உத்தரவாதத்தின்படி டிராக்டரை உடனே பழுது நீக்கித் தர வெற்றிக்கனிக்கு எழுத்துபூர்வமாக உத்தரவிட வேண்டும். மறுத்தால் மானியத் திட்ட விற்பனையாளர் பட்டியலிலிருந்து அதை நீக்க வேண்டும். விலையைக் கடை வாசலில் எழுதிப் போடச் செய்ய வேண்டும்.

இவை நடக்க நாளாகும் என்பது எனக்குத் தெரியும். மழைக்குத் தெரியாது. எனவே உடனடியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெற்றிக்கனிக்குப் பணம் செலுத்தும் எண் என் கைபேசியில் இருக்கிறது. அக்காவுக்குத் தெரியாமல் இன்றே அனுப்ப முடியும். அனுப்பினால் நாளை டிராக்டர் ஓடும். இந்த மாவட்டத்தில் அந்த அபராதம் சட்டமாகிவிடும். அனுப்பாவிட்டால் அடுத்த மழைக்கும் அக்கா தொட்டியைக் கட்டுவார். இதை முடிவு செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. மாவட்டத்தை ஆள்பவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், ஒரு கோடு போதும். அதற்கான இடத்தைக் கீழே விட்டிருக்கிறேன். என் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறையும் இணைத்திருக்கிறேன்.

இடம்: மாரெட்பள்ளி, ஹைதராபாத்
நாள்: 27.10.2025

பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஆ. ஜோசியா

இணைப்பு: ரசீது, பதிவுச் சான்று, உத்தரவாத அட்டை, திரு. இருதயராஜின் மருத்துவச் சான்று ஆகியவற்றின் நகல்கள்; உறை ஒன்று.

- - - - - - - - - - - - - - - - - - - -

ஆட்சியர் அலுவலக உபயோகத்துக்கு:

ஆ. மெட்டில்டாவுக்காக அவர் தம்பி, வெற்றிக்கனி டிராக்டர்ஸ் கேட்கும் ரூபாய் எண்பத்தையாயிரத்தை

கட்டலாம் / கட்ட வேண்டாம்
(பொருந்தாததை அடிக்கவும்)

கையொப்பம்: ....................

நாள்: ....................