பாராமகால் நகரவில்லை

8 ஜூன் 1986, ஞாயிறு

ஆட்டம் இன்று 1788-க்கு வந்தது. வாரத்துக்கு ஓர் ஆண்டு. ஞாயிறன்று அன்வர் பாஷாவின் அச்சகத்தில் மிஷின் ஓடாது. தாள் வெட்டும் மேசையில் அவர் மனைவி பரிதா டீச்சர் வரைந்த படத்தை விரிப்போம். படைகளுக்குப் பதில் ஈய எழுத்துகள். புளி மண்டி முகம்மது கவுஸ் ஆங்கிலக் கும்பினி, சிவப்பு, ஆறு படை. ரயில்வே புக்கிங் கிளார்க் சவுரியப்பன் மைசூர், பச்சை, ஆறு படை. சீட்டில் எனக்கு விழுந்தது பாராமகால், மஞ்சள், இரண்டே படை. அதாவது நம் தருமபுரி ஜில்லா. சரித்திரத்தில் அது தனி நாடாக இருந்ததில்லை. ஆட்டத்துக்காக டீச்சர் சேர்த்தது.

அதையும் எடுத்துவிடப் போகிறாராம். படத்தை அச்சிட்டுப் பள்ளிகளுக்கு அனுப்பும் திட்டம்.

"உங்க நாட்டுக்கு மட்டும் ரூல் நாலு பக்கம் போகுதுங்க. நிஜத்துல 1792-ல இது கும்பினி கைக்குப் போச்சு. அதைத் தாண்டி மஞ்சள் நின்னா அச்சடிக்கிறேன். இல்லேன்னா அந்த இடம் வெள்ளை. வெறும் வழி," என்றார் டீச்சர்.

"வழின்னாலும் நல்ல வழிதானுங்க," என்றார் கவுஸ். "பஸ் நிக்கும்."

முப்பது வருடமாக நான் செய்தி எழுதும் இடம் வெறும் வழியா? பார்க்கலாம்.

15 ஜூன், ஞாயிறு

1789. கிருஷ்ணகிரிக் கோட்டை போயிற்று.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முதல் அரை மணி பேரம். பிறகு அவரவர் ஆணையைத் துண்டுத் தாளில் எழுதி மை டப்பாவில் போடுவோம். டீச்சர் பிரித்துப் படிப்பார். பேரத்தில் சவுரியப்பன், "கிருஷ்ணகிரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன் சார்" என்றார். நம்பினேன். அங்கிருந்த படையைக் கும்பினிக்கு எதிராகத் தொப்பூர் கணவாய்க்கு நகர்த்தினேன். அவர் சீட்டில்: கிருஷ்ணகிரிக்கு ஆறு படை. காலிக் கோட்டை. ஒரு எழுத்துகூட அவருக்குச் சேதமில்லை.

ஒரே ஆள் சொன்னதை எதுக்குடா நம்புன? தாசில்தார் சொன்னாலே இன்னொருத்தர்கிட்ட கேட்டுட்டுத்தானே எழுதுவ?

மிச்சம்: தருமபுரியில் ஒன்று, தொப்பூரில் ஒன்று.

18 ஜூன், புதன்

அரூரில் திங்களன்று சூறைக்காற்று. நாற்பது ஏக்கர் வாழை சாய்ந்தது. பத்திரிகை ஆபீசுக்கு ட்ரங்க் காலில் சொல் சொல்லாகப் படித்தேன். பேப்பரில் நான்கு வரி. தலைப்பு: 'சேலம் அருகே பலத்த காற்று'.

அரூர் எங்கே, சேலம் எங்கே.

22 ஜூன், ஞாயிறு

1790. பேரம் பேசவில்லை. ஆணையை எழுதி, ட்ரங்க் காலில் படிப்பதுபோல் எல்லோருக்கும் கேட்கப் படித்தேன்: "தருமபுரியில் நிற்கிறேன். தொப்பூரில் நிற்கிறேன். நகர மாட்டேன்."

விதி இதுதான்: எண்ணிக்கை அதிகமானவர் வெல்வார், ஆனால் நிற்கும் படையை விரட்டினால் அவருக்கும் ஒரு படை குறையும். தோற்றவர் பின்வாங்கலாம்; ஒற்றைப் படை என்றால் அழியும். இதுவரை நான் ஒவ்வொரு முறையும் ஓடித் தப்பித்தேன். அதனால்தான் எல்லோருக்கும் என் நாட்டில் நுழைவது இனாம்.

கவுஸ் சிரித்தார். "நிருபர் பொய் சொல்லக் கத்துக்கிட்டார், சவுரி."

தொப்பூருக்கு வந்தார். என் படை அங்கேயே நின்று அழிந்தது. அவருக்கு ஆறு ஐந்தாயிற்று. சிவப்பு எழுத்து ஒன்றை எடுத்துவைக்கும்போது என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னபடியே எழுதியிருக்கீங்களே."

"நான் அப்படித்தான் எழுதுவேன்," என்றேன்.

29 ஜூன், ஞாயிறு

1791. எதிர்பார்த்ததுதான். ஐந்தாகிவிட்ட கும்பினி மேல் மைசூர் ஆறு படையோடு பென்னாகரம் வழியாகப் பாய்ந்தது. நின்று தோற்ற கவுஸ் ஐந்தோடு சேலத்துக்குப் பின்வாங்கினார். விரட்டியதில் சவுரியப்பனுக்கும் ஒன்று குறைந்தது. ஐந்துக்கு ஐந்து. நான் தருமபுரியில் நிற்கிறேன் என்று படித்தேன், நின்றேன். எனக்கு மிச்சம் ஒன்று.

4 ஜூலை, வெள்ளி

தூக்கம் கெடுக்கும் ஒரு விஷயம். தொப்பூருக்குப் போன அவசரத்தில் சவுரியப்பன் கிருஷ்ணகிரியில் யாரையும் வைக்கவில்லை. 'நிற்கிறேன்' என்று படித்துவிட்டு 'கிருஷ்ணகிரிக்கு' என்று எழுதிப் போட்டால் கோட்டை திரும்ப என் கையில். சேதமும் இல்லை. ஆட்டத்தில் பொய் குற்றமா? இல்லை. அவர் எனக்குச் செய்ததுதானே?

ஆனால் அதன்பின் என் சொல்லை யார் கணக்கில் வைப்பார்? ஒற்றைப் படைக்காரனிடம் வேறு என்ன இருக்கிறது?

6 ஜூலை, ஞாயிறு

1792. படித்தேன்: "தருமபுரியில் நிற்கிறேன்."

அவர்கள் இருவரும் என் எதிரிலேயே பேரம் பேசினார்கள்.

"நீங்க தொப்பூர்ல பக்கத்துலதானே இருக்கீங்க சவுரி, ஏறிடுங்க. ஒத்தை ஆளு."

"ஏறினா நான் நாலு. அப்புறம் நீங்க அஞ்சோட வருவீங்க. ஏன், அரூர் வழியா நீங்க ஏறுங்களேன்."

"நான் ஏறினா நீங்க சேலத்துல வந்து நிப்பீங்க."

"அவர் நகர மாட்டார் பாய்."

"தெரியுமே. அதானே தொல்லை."

டீச்சர் டப்பாவைத் திறந்தார். கும்பினி: நிற்கிறேன். மைசூர்: நிற்கிறேன். பாராமகால்: நிற்கிறேன். மூன்றையும் ஒரே குரலில் படித்துவிட்டு மூடியைச் சாத்தினார். "தாண்டிட்டீங்க," என்றார். கவுஸ் டீ சொன்னார்.

24 ஜூலை, வியாழன்

அன்வர் பாஷா படத்தின் புரூஃப் அனுப்பியிருந்தார். ஊர்ப் பெயர்களில் மூன்று பிழை, திருத்தினேன். மஞ்சள் மை வடக்கே எல்லைக் கோட்டைத் தாண்டி, நான் இழந்த கிருஷ்ணகிரியையும் தொட்டுக்கொண்டு, பச்சைக்குள் நூலளவு ஏறியிருக்கிறது. அதற்குக் குறி போடவில்லை. 'சரி, அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.